மந்திரவாதியாக விளையாடத் தொடங்குவோருக்கு

'போல்டர்ஸ் கேற் 3' விளையாட்டின் கற்பனை உலகைச் சிறுவயதிலேயே எழுதத் தொடங்கியவர் ரொறன்ரோவில் பிறந்த எட் கிரீன்வூட். நூலகத்தில் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, அங்கே மந்திரவாதி ஏட்டை நம்பியே பிழைக்கிறான்.

இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. ஒரே திரையில் இருவர் விளையாடலாம். வளர்ந்த பிள்ளையிடம் வாள்வீரனைக் கொடுத்துவிட்டு மந்திரவாதியை நீங்கள் எடுங்கள். "அப்பா, பின்னுக்கு நில்லுங்கோ!" என்று அறைக்குள் தமிழ் கேட்கும். பிள்ளை சொல்வதும் சரிதான்: மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி குறைவு, கவசப் பயிற்சியும் இல்லை. மேட்டில், வீரனுக்குப் பின்னால் நில்லுங்கள்.

சின்ன மந்திரங்களை எத்தனை தரமும் ஏவலாம். பெரியவை தீர்ந்தால் பெரும்பாலும் நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் திரும்பும். சில்லறை எதிரிகளிடம் வீணாக்காதீர்கள். தூங்கவைக்கும் மந்திரம் தொடக்கத்தில் மொத்தம் 24 உயிர்ப்புள்ளிக்குள் அடங்கும் எதிரிகளையே வீழ்த்தும். ஆகவே முதலில் அடித்துக் களைக்கச் செய்துவிட்டு அதை ஏவவேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கவனக்குவிப்பில். அது தேவைப்படும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தக்கவைக்கலாம். இரண்டாவதை ஏவினால் முதலாவது கலைந்துவிடும், அடிபட்டாலும் கலையக்கூடும்.

கண்டெடுக்கும் மந்திரச் சுருள்களை விற்றுவிடாதீர்கள். கொஞ்சம் பொன் செலவழித்துப் படித்தால், சுருள் போனாலும் மந்திரம் உங்கள் ஏட்டில் இருக்கும்.