விருந்தாளிக்கே ‘சொந்த மண்’

ஹேண்ட்பால் பற்றி எங்களுக்கு வரும் கடிதங்கள் சொற்பம். வருகிற கொஞ்சமும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. ‘ஐரோப்பியக் கோப்பை பெண்கள் பிரிவு முடிவுகளைப் பார்த்தேன். சனிக்கிழமை ஒரு அணியின் சொந்த மண்ணில், ஞாயிற்றுக்கிழமை எதிரணியின் சொந்த மண்ணில் என்று போட்டிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஊர் ஒன்றே, அரங்கும் ஒன்றே. அச்சுப்பிழையா?’

அச்சுப்பிழை இல்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் ஆட்டங்களை எங்கே, என்றைக்கு நடத்துவது என்பதைக் கிளப்புகள் பேசி முடித்து, வியன்னாவில் இருக்கும் ஐரோப்பிய ஹேண்ட்பால் சம்மேளனத்துக்குக் கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கும் நாள்களில்தான் இந்தப் பேரம் நடக்கிறது.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ‘ஐரோப்பியக் கோப்பை’ என்றதும் கண்டத்திலேயே பெரிய கோப்பை என்று தோன்றும். உண்மையில் சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பிய லீக் இரண்டுக்கும் கீழே இருக்கும் மூன்றாம் வரிசைப் போட்டி இது. 1993-இல் சிட்டி கோப்பை என்று பிறந்து, 2000-இல் சேலஞ்ச் கோப்பையாகி, 2020-இல் இந்தப் பெயரைப் பெற்றது. போர்டு மாறியது, கடை அதேதான்.

இனி பேரத்துக்கு வருவோம். நாக் அவுட் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆட்டம் தன் ஊரில், ஒரு ஆட்டம் எதிரணியின் ஊரில். இரண்டிலும் சேர்த்து அதிக கோல் போட்டவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆனால் இரு கிளப்புகளும் சம்மதித்தால் இரண்டு ஆட்டத்தையும் ஒரே அரங்கில் அடுத்தடுத்த நாள்களில் முடித்துக்கொள்ளலாம். ஹேண்ட்பால் வட்டாரத்தில் இதற்கு நாகரிகமான பெயரெல்லாம் கிடையாது. சொந்த மண் ஆட்டத்தை ‘விற்பது’ என்றே பேசிக்கொள்கிறார்கள்.

விற்கிறவரின் கணக்கு எளிது. ஐஸ்லாந்துக் கிளப் ஒன்றுக்கு எந்த வெளியூர் ஆட்டமும் கடல் கடந்த பயணம். வீராங்கனைகளில் பலர் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே ஆடுகிறவர்கள். ஒரே வார இறுதியில் இரண்டையும் முடித்தால் கூடுதல் லீவு போட வேண்டாம். தன் ஊரில் ஆட்டம் நடத்தும் செலவும் மிச்சம். தங்குமிடம், சாப்பாட்டை அழைத்த கிளப் பார்த்துக்கொள்ளும்படி பேசி வாங்கலாம். வாங்குகிறவருக்கு இரண்டு நாளும் பழகிய தரை, தன் ஊர்க் கூட்டம்.

அரங்குக்குள் போய்ப் பார்த்தால்தான் இதன் விசித்திரம் தெரியும். சனிக்கிழமை மின்பலகையில் முதலில் இருந்த பெயர் ஞாயிறன்று இரண்டாவது இடத்துக்குப் போகும். மேளம் அதே மேளம், கத்துகிற தொண்டையும் அதே தொண்டை. பிசின் ஒட்டிய விரல்களோடு பந்தைப் பிடிக்கும் விருந்தாளி அணி, காகிதத்தின்படி இன்றைக்கு வீட்டுக்காரர். அவர் கோல் போட்டால் அரங்கமே மௌனமாகிவிடும்.

வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு இருந்த காலத்தில் இது கேலிக்கூத்தாகவே முடியக்கூடியது. ஒரு கற்பனைக் கணக்கு: சனிக்கிழமை உள்ளூர் அணி 28-25 என ஜெயிக்கிறது. ஞாயிறன்று அதே அரங்கில் விருந்தாளி அணி 27-24 என ஜெயிக்கிறது. மொத்தம் 52-52. விருந்தாளிக்கு வெளியூர் கோல் 25. உள்ளூர் அணிக்கு, தன் சொந்த அரங்கில் போட்ட ‘வெளியூர்’ கோல் 24. ஆக, வெளியூரில் சரியாக ஆடாத குற்றத்துக்காக, ஊரை விட்டு நகராத அணி வெளியேறும்!

இப்போது அந்த விதி இல்லை. மொத்த கோல் சமமானால் ஏழு மீட்டர் எறிதல்தான். 2024-இல் இதே கோப்பையின் ஆண்கள் இறுதியில் ஐஸ்லாந்தின் வாலூர், ஒலிம்பியாகோஸை முதலில் தன் ஊரில் 30-26 என வென்றது; பிறகு கிரேக்கத்தில் 27-31 எனத் தோற்றது. பழைய கணக்கில் 27 வெளியூர் கோலுக்கு எதிரே 26 என்று அங்கேயே கதை முடிந்திருக்கும். புதிய கணக்கில் ஏழு மீட்டர் கோட்டில் நின்று ஜெயிக்க வேண்டியிருந்தது.

என்னை உறுத்துவது கோல் கணக்கை விட உடம்புக் கணக்குதான். ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் 60 நிமிட ஆட்டம் இரண்டு. பெண்கள் ஹேண்ட்பாலில் முழங்கால் தசைநார் கிழிவது அரிதான காயம் இல்லை. பெஞ்சில் ஆள் நிறைந்த பணக்கார அணி ஞாயிறன்று ஆள் மாற்றி மாற்றி இறக்கும்; சின்ன கிளப்பில் சனிக்கிழமை முழுக்க ஓடிய அதே கால்கள்தான் மறுநாளும் ஓட வேண்டும். இரு தரப்பும் சம்மதித்த ஏற்பாடு என்பது அதிகாரபூர்வ விளக்கம். காசு இல்லாதவர் தரும் சம்மதத்தையும் சம்மதம் என்றுதான் கோப்பில் எழுதுவார்கள்.

எல்லாரும் விற்பதில்லை. 2024-25 பருவத்தின் பெண்கள் இறுதியில் வாலூரும் ஸ்பெயினின் பொரீனியோவும் மோதின. முதல் ஆட்டம் பொரீனியோவில், 29-29. மறு ஆட்டம் 2025 மே மாதம் ரெய்க்யவிக்கில், வாலூர் 25-24. இரண்டு ஆட்டம் சேர்த்து வித்தியாசம் ஒரே ஒரு கோல். அந்த ஆட்டம் வேறு ஊரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்துப் பெண்கள் அணி ஒன்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் முறை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

29-29 ஆன பிறகு கூடுதல் நேரம் ஏன் இல்லை? மறு ஆட்டம் பாக்கி இருக்கிறதே.

நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடும் இறுதிக்கட்டம் இதில் உண்டா? அது சாம்பியன்ஸ் லீகில், புடாபெஸ்டில். இங்கே இறுதியும் இரண்டு ஆட்டம்தான்.

10-0 என்று ஒரு முடிவு பார்த்தேனே? ஒரு அணி ஆட வரவில்லை என்று அர்த்தம். ஹேண்ட்பாலில் யாரும் அப்படி ஆடி ஜெயிப்பதில்லை.

‘கைப்பந்து’ என்று தமிழில் எழுதினால் என்ன? எழுதலாம், வாலிபால் ரசிகர்களிடமிருந்து இன்னொரு கட்டுக் கடிதம் வரும்.