வில்லிஸ் ஜீப்பின் உள்ளிழுப்புக் கேஸ்கட்

உள்ளிழுப்புக் கேஸ்கட் என்பது கார்புரேட்டரும் இயந்திரமும் இணையும் பரப்புகளுக்கிடையே காற்று புகாதவாறு வைக்கப்படும் மெல்லிய அடைப்புத் தகடு ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது பேக்கிங் எனவும் அழைக்கப்படும். மலிவான பாகமே எனினும், பழைய வில்லிஸ் ஜீப்புகளுக்குச் சரியான கேஸ்கட்டைத் தேடுவது எளிதன்று. ஒரே கொள்ளளவு கொண்ட இரு வேறு இயந்திரங்கள் அவ்வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்தமை இதற்கு முதன்மையான காரணம்.

இரு இயந்திரங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால எம்பி (1941-45), அதன் பின் வந்த சிஜே-2ஏ, சிஜே-3ஏ ஆகியவற்றில் எல்134 என்ற இயந்திரம் இருந்தது. இதில் இரு வகை வால்வுகளும் பிளாக்கிலேயே அமைந்துள்ளன. உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதி, வெளியேற்றுக் குழாய்த்தொகுதி இரண்டும் பிளாக்கின் பக்கவாட்டில் பொருத்தப்படுகின்றன. எனவே பிளாக்குடன் சேரும் இடத்தில் ஒரு தொகுப்பு, இரு குழாய்த்தொகுதிகளுக்கும் நடுவே ஒன்று, கார்புரேட்டரின் அடியில் ஒன்று எனக் கேஸ்கட்டுகள் தேவைப்படுகின்றன.

1950 இல் அறிமுகமான எஃப்134 'ஹரிக்கேன்' இயந்திரத்தில் உள்ளிழுப்பு வால்வுகள் சிலிண்டர் தலைக்கு மாற்றப்பட்டன. இதனால் இயந்திரத்தின் உயரம் கூடியது. 1953 இல் வந்த சிஜே-3பி வண்டியின் பானட் உயர்ந்து காணப்படுவது இதனாலேயே. இவ்வியந்திரத்தில் உள்ளிழுப்புப் பாதை சிலிண்டர் தலையுடன் ஒன்றாக வார்க்கப்பட்டுள்ளது. கார்புரேட்டர் தலையின் மீதே அமர்கிறது. ஆகவே இதற்கு 'உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதிக் கேஸ்கட்' என்று தனியாக ஒன்று இல்லை. இதனை அறியாமல் கடை கடையாக அலைபவர்கள் உண்டு.

வண்டியின் மாதிரிப் பெயரை மட்டும் நம்புவதும் தவறாகலாம். அரை நூற்றாண்டு ஓடிய வண்டியில் இயந்திரம் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. இந்தியாவில் மகிந்திரா தயாரித்த பெட்ரோல் ஜீப்புகள் பல பிற்காலத்தில் டீசலுக்கு மாற்றப்பட்டன. சிலிண்டர் தலையின் மேல் வால்வு மூடி இருந்தால் எஃப்134, தட்டையாக இருந்தால் எல்134 என அறியலாம். கார்புரேட்டரையும் தனியே பார்க்க வேண்டும். எல்134 இல் கார்ட்டர் டபிள்யூஓ வகையும், சிஜே-3பியில் கார்ட்டர் ஒய்எஃப் வகையும் வழக்கமானவை. இந்திய ஜீப்புகளில் சொலெக்ஸ் வகையும் காணப்படுகிறது. கார்ட்டரின் எண் பொறித்த சிறு உலோகத் தகடு மேல்மூடித் திருகில் மாட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது தொலைந்துபோயிருக்கும். அப்போது பழைய கேஸ்கட்டை எடுத்துச் சென்று, துளைகளின் இடைவெளியையும் நடுத்துளையின் விட்டத்தையும் ஒப்பிடுவதே வழி.

கசிவின் விளைவு

கேஸ்கட் கசிந்தால் கூடுதல் காற்று புகுந்து எரிபொருள் கலவை மெலிகிறது. இயந்திரம் வெறுமனே ஓடும்போது தடுமாறும். கார்புரேட்டர் வழியே வெடிப்பொலி எழும். நாளடைவில் வெளியேற்று வால்வுகள் கருகலாம். மண்பாதையில் செல்லும் வண்டிக்கு இன்னொரு கேடும் உண்டு: இக்காற்று வடிகட்டியைக் கடக்காமல் புழுதியோடு உள்ளே செல்வதால் சிலிண்டர் சுவர்கள் தேய்கின்றன. வெற்றிட மானி 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்டினால் பொதுவாகக் கசிவில்லை எனக் கொள்ளலாம். சூடான இயந்திரத்தின் மீது பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் பழக்கம் தீ விபத்தை வரவழைக்கும்.

வெட்டிக்கொள்ளுதல்

கார்புரேட்டர் அடிக் கேஸ்கட் கிடைக்காவிடில் பெட்ரோலைத் தாங்கும் கேஸ்கட் தாளில் வெட்டிக்கொள்ளலாம். துளைகளைக் குழல் உளியால் போடுவது நன்று. கத்தரித்த துளையின் ஓரம் கிழியும். பழைய கேஸ்கட்டை விடத் தடிப்பு மிகக் குறையக் கூடாது. சாதாரண சிலிக்கோன் பசையைப் பூசுதல் கூடாது. அது பெட்ரோலில் ஊறி உப்பி, துணுக்குகளாக உள்ளே போகும்.

புதிய கேஸ்கட்டும் கசிந்தால் பரப்பு வளைந்துள்ளதா என நேர்விளிம்பு அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். நட்டுகளை ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறி இறுக்குவதே வளைவுக்குப் பெரும்பாலும் காரணம். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்துப் பெயர்த்தெடுக்க வேண்டும்.