பகடையை மறைத்து உருட்டலாமா?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒரு முனையில் அட்டைத் தடுப்பு. அதன் பின்னால் பகடை உருளும் சத்தம் கேட்கிறது. விழுந்த எண், ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டுமே தெரியும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் கதை சொல்பவர், அரக்கர்களை இயக்குபவர், நடுவர் எல்லாம் அவரே. 20 பக்கப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழ 5 விழுக்காடு வாய்ப்பு. பல மாதம் விளையாடி வளர்த்த கதாபாத்திரம் ஒரே உருட்டலில் மடியலாம். அதனால் சிலர் இரக்கப்பட்டு, விழுந்த 20ஐ 12 என்று அறிவித்துவிடுகிறார்கள்.

நல்லெண்ணம்தான். ஆனால் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், அடுத்த வெற்றியும் அவர் போட்ட பிச்சையாகத் தோன்றும். எப்படியும் சாகமாட்டோம் என்று தெரிந்தபின் வாளை ஓங்குவதில் என்ன துணிச்சல்?

மறைக்க வேண்டிய இடமும் உண்டு. கதவில் பொறி இருக்கிறதா என்று ஒருவர் தேடுகிறார். அவரே உருட்டி 2 விழுந்து, “ஒன்றும் தென்படவில்லை” என்று பதில் வந்தால், தேடியது சரியில்லை என்று புரிந்துவிடும். கதவைத் தொடவே மாட்டார். 2019இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பில் இத்தகைய சோதனைகளை மறைவாக உருட்டத் தனி விதியே உள்ளது.

ஆட்டம் நடத்தும் இளையர்களே, சண்டைப் பகடையை எல்லாரும் பார்க்க உருட்டுங்கள். தேடலுக்கு மட்டும் தடுப்பு போதும். எதை மறைப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கதாபாத்திரங்கள் சாகவே கூடாது என்று எல்லாரும் விரும்பினால், அதையும் அன்றே பேசி விதியாக்கிக்கொள்ளுங்கள்.