மேகத்துக்குள் ஒரு வெள்ளிக் கோடு

ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அதன் உச்சியில் மேகம் குடியிருப்பதும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்குப் பின்னால் நிற்பதும் அதே மலைத்தொடர்தான். மழை வருமா என்று பார்க்க இவ்வூர் மக்கள் அன்றாடம் அண்ணாந்து நோக்கும் அந்த மேகத்துக்குள்ளே, உலகம் பெயர் அறியாத ஓர் அழகிய ஜீவன் சிறகடித்துக்கொண்டிருந்தது!

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் ஒன்றாகிப் புலிகள் காப்பகமாயின. 2023-ல் அந்த மேகமலையிலிருந்து ஒரு புதிய பட்டாம்பூச்சி விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. கண்டுபிடித்தவர்கள் தேனியைச் சேர்ந்த அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள். மலையின் பெயரையே அதற்கும் சூட்டினார்கள்: ‘சிகாரிட்டிஸ் மேகமலையென்சிஸ்’. மேற்குத் தொடர்ச்சி மலையில் 33 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த புதிய பட்டாம்பூச்சி இது. இதையும் சேர்த்து அம்மலைகளின் கணக்கு 337 ஆயிற்று.

கோட்டில் இருக்கிறது குலம்

இது வெள்ளிக்கோட்டுப் பட்டாம்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. இறகை மூடி உட்கார்ந்தால், இறகின் அடிப்பக்கத்துப் பட்டைகளில் வெள்ளிச் சரிகை மின்னும். பின்னிறகின் ஓரத்தில் மெல்லிய வால்கள். அருகே ஒரு வர்ணப் பொட்டு. பறவை அதைத் தலையென்று நினைத்துக் கொத்தும். இறகு கிழியும், உயிர் பிழைக்கும்!

இந்த இனத்தில் ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும். பட்டை எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, பக்கத்துப் பட்டையோடு சேர்கிறதா, விலகி நிற்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் ஜாதி விளங்கும்.

எறும்புக் காவல்

இருக்கும் இடமும் ஓர் அடையாளமே. இதன் உறவுப் பூச்சி ஒன்று சமவெளி முட்காட்டில், இலந்தைச் செடியில் சாதாரணமாக வளர்கிறது. மேகமலைப் பூச்சிக்கோ ஈரம் சொட்டும் மேகக்காடுதான் வீடு.

இந்த இனத்துப் புழுக்களுக்கு எறும்புதான் காவல். புழு முதுகில் சுரக்கும் இனிப்பு நீரை எறும்பு குடிக்கும். கூலியாக எதிரிகளை விரட்டும். ஆகவே செடி இருந்தால் மட்டும் போதாது. எறும்பும் வேண்டும், நிழலும் ஈரமும் வேண்டும். காட்டில் ஒன்று குறைந்தாலும் குடும்பம் குலைந்துவிடும்.

பூச்சிக்காக இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிரப்புவதும் இந்த மலைத்தொடரில் பிறக்கும் ஓடைகள்தாம். மேகத்தைப் பிடித்து வைக்கும் காடு இருக்கும்வரை மேலே வெள்ளிக் கோடு மின்னும். கீழே ஊருக்குத் தண்ணீர் வரும்.