555 புத்தகம் போய் கைப்பேசித் தவணை வந்தது: வீட்டுச் சாமான் கணக்கில் நியாயமும் சிக்கனமும்

ரெங்கம், லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு புத்தகம். மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, பால் டின், சவர்க்காரம் எல்லாம் அதில் ஏறும். சம்பளம் போட்ட அன்று கழியும். முழுதாகக் கழிந்த மாதங்கள் குறைவு. மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும்.

கடன் கொடுத்த கடைக்காரர் சும்மா கொடுக்கவில்லை. ஒவ்வொரு சாமானிலும் சில காசு கூடுதலாகவே இருக்கும். அது தெரிந்தும் வாங்கினோம். ரொக்கத்துக்கு மலிவாக வாங்க டவுனுக்குப் போனால் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போய்விடும். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு நல்லதும் இருந்தது. கடைக்காரருக்கு நம் குடும்பம் தெரியும். இந்த வீட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு திருப்பிக் கட்ட முடியும் என்று தெரியும். அளவுக்கு மீறினால் அவரே, “இந்த மாதம் போதும்மா” என்று சொல்லிவிடுவார்.

இன்று கைப்பேசியில் இருக்கும் தவணைச் செயலி அப்படிச் சொல்வதில்லை. என் பிள்ளைகள் வளரும் வயதில் இருக்கிறார்கள். ஒரு சட்டையைப் பார்த்த உடனே, “மூன்று தவணைதான் அம்மா” என்கிறார்கள். விலை எவ்வளவு என்பதையே அவர்கள் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் கவலை.

தவணையில் மறைந்திருக்கும் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். குளிர்பதனப் பெட்டி 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். “மாதம் 1.5 விழுக்காடு மட்டுமே வட்டி, 12 மாதம்” என்கிறார் விற்பவர். 1,200-க்கு 18 விழுக்காடு 216 வெள்ளி. மொத்தம் 1,416. மாதம் 118. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதா மாதம் நாம் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 1,200-க்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் கடனுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதே 118 வெள்ளியை மாதா மாதம் எடுத்து வைத்தால் பதினோராவது மாதத்தில் அந்தப் பெட்டியை ரொக்கமாக வாங்கிவிடலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாமல் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பார்கள். உண்மைதான். அதற்காகத் தொலைக்காட்சியையும் அதே வழியில் வாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் போக, வாடகை, பெட்ரோல், பள்ளி வேன் என்று பிரித்தால், 118 வெள்ளித் தவணை இரண்டு இருந்தாலே அரிசிப் பணத்தில் கை வைக்க வேண்டியதுதான்.

குறைந்த சம்பளத்தில் சேமிக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி காலத்துச் சிக்கனம் அது.

அதே சேமிப்பு ஆசையில்தான் பலர் தீபாவளிக்குக் கூட்டு போடுகிறார்கள். ஒன்று நினைவிருக்கட்டும். கூட்டு நிதி நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பணத்தை வாங்கியவர் ஓடிவிட்டால், நாமும் தப்பில் சேர்ந்துவிட்டோமோ என்ற பயத்தில் பாதிப் பேர் புகார் கொடுக்கவே போவதில்லை. வங்கியில் பிள்ளை பெயரில் ஒரு கணக்குத் திறந்துகொள்வது மேல்.

வீட்டு வாசலுக்கே வந்து விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர் வடிகட்டி, சமையல் பாத்திரம், இடுப்புவலிக் கருவி, பிள்ளைகளுக்கான கல்விப் புத்தகத் தொகுதி. ஆண்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வருவார்கள். வீட்டில் இருப்பவர் வயதான மாமியாராக இருந்தால் இன்னும் வசதி. 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி இவர்கள் தங்கள் அடையாள அட்டையையும் அங்கீகார அட்டையையும் காட்ட வேண்டும். போகச் சொன்னால் போய்விட வேண்டும். 300 வெள்ளிக்கு மேற்பட்ட விற்பனை என்றால் எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம். முக்கியமானது இதுதான்: கையெழுத்துப் போட்ட பிறகும் 10 வேலை நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல், எழுத்து வழி ரத்து செய்யலாம். “கையெழுத்து போட்டாச்சே, இனி என்ன செய்வது” என்று சும்மா இருந்து கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை!

கடைக்குள் போகும்போது நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை, கிலோ விலையைக் கண்டுபிடிப்பது. 800 கிராம் சோப்புத்தூள் 6 வெள்ளி 90 காசு, 2.5 கிலோ 17 வெள்ளி 50 காசு. சின்னது கிலோவுக்கு 8 வெள்ளி 60 காசுக்கு மேல் வருகிறது, பெரியது 7 வெள்ளி. ஆனால் எப்போதும் பெரிய பொட்டலம்தான் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. பிஸ்கட்டில் பலமுறை சின்னதே ஜெயிக்கிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. பொட்டலம் அதே, விலை அதே, உள்ளே 200 கிராம் 180 ஆகியிருக்கும். விலை 11 விழுக்காடு ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆறாம் வகுப்புக் கணக்குதான் இது. பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் போடுகிறார்கள்.

மலிவு என்ற ஒரே காரணத்துக்காக நான் தொடாத பொருள்கள் சில உண்டு. முதலாவது, இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் முகம் வெளுக்கும் கிரீம். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுபவரோடு போவதில்லை, தாயின் கையிலிருந்து குழந்தைக்கும் ஒட்டும். வாங்குவதற்கு முன் பொருளின் பெயரைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நம் பெண்பிள்ளைகளுக்கு அந்த நிறம் எதற்கு என்பது வேறு கேள்வி. அதை வீட்டில் பேசாமல் கிரீமை மட்டும் திட்டிப் பயனில்லை. இரண்டாவது, கள்ளச் சாராயம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அதையும் மலிவு என்றுதான் வாங்கினார்கள்.

நியாயம் என்று வரும்போது ரெங்கத்துக்கு ஒரு விசித்திரமான நிலை. நம்மைச் சுற்றிச் செம்பனை. ஐரோப்பாவில் ஒரு தாய் பிஸ்கட் டப்பாவைத் திருப்பிச் செம்பனை எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார், காடு அழிகிறதே என்று. அவர் பார்வைக்கு இங்கே பலன் இருந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில், இரண்டு பெரிய மலேசியத் தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை நிறுத்தியது. அதில் ஒரு நிறுவனம், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023-இல் அதன் மீதான தடை நீங்கியது. கடனோடு கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கடனோடு வருகிறவரின் நிலை நமக்குப் புரியாததல்ல.

ஆனால் அந்தத் தாயைப் போல நாமும் முத்திரை பார்த்து வாங்க வேண்டுமா? என் எண்ணம், நம் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் அரசு மானியத்தில் 2 வெள்ளி 50 காசு. மாதம் 60,000 டன் என்று அளவு வைத்து, வீட்டுச் சமையலுக்காகக் கொடுப்பது. அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி உணவுக்கடைக்குக் கைமாற்றினால் இருபது காசு லாபம் கிடைக்கலாம்; பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அன்று எண்ணெய் இருக்காது. மைகாட் வழி வரும் சாரா உதவியும் அப்படித்தான். அரிசி, முட்டை, பள்ளிப் பொருள் வாங்க வந்த பணம். காசாக மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கார்டைக் கொடுக்கக் கூடாது.

துணிக்கு நான் பண்டல் கடை கட்சி. 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமான தையல் தொழிலாளர்கள் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும் வேலைக்கு அழைத்தார்கள். பத்து வெள்ளிச் சட்டைக்குப் பின்னால் அப்படியொரு கதை இருக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவனுக்குப் புரிந்தது. பெரியவளுக்கு, பழைய துணி என்று தோழிகள் கேலி செய்வார்களே என்ற கவலை. வற்புறுத்தவில்லை. தீபாவளிக்கு ஒரு புதுத்துணி, மற்ற நாளுக்குப் பண்டல் என்று சமரசம்.

பக்கத்து மளிகைக் கடையா, குளுவாங் பேரங்காடியா என்ற கேள்விக்கு நேர் பதில் கிடையாது. மாதச் சாமானைப் பேரங்காடியில் வாங்குவது மலிவுதான், பெட்ரோலும் பிள்ளைகள் கேட்கும் பொரித்த கோழியும் சேராதவரை. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வேலை இல்லாத வீடுகளுக்குக் கடனில் அரிசி கொடுத்தவர்கள் சின்னக் கடைக்காரர்களே. அவசரத்துக்கு அவரிடம் கடன், ரொக்கம் இருக்கும்போது பேரங்காடி என்று நடந்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. காய்கறி, வெங்காயம், மசாலா அவரிடம்தான். கடன் இருந்தால் முதலில் அதைத்தான் அடைப்பேன்.

சின்னக் கடையானாலும் பெரிய கடையானாலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் தேங்காய், சின்ன வெங்காயம், பருப்பு போன்றவற்றுக்கு அமைச்சு உச்சவிலை அறிவிப்பது வழக்கம். நாளிதழில் வந்ததும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். மீறினால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். வாங்கிய பொருள் பழுது, கடை மாற்றித் தர மறுக்கிறது என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே முதலில் கேட்பது ரசீது. இப்போதைய ரசீதுத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடுகிறது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.