அடிமைக்கு விடுதலை, எசமானுக்கு நட்டஈடு: மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களின் கதை

இந்து சமுத்திரத்திலுள்ள மொரிஷியஸ் தீவில் அடிமை முறை 1835 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. அந்நாள் இன்றும் அங்கு பொது விடுமுறை தினமாகும். ஆனால் அந்த விடுதலைக்காக நட்டஈடு பெற்றவர்கள் விடுதலை அடைந்தவர்கள் அல்லர். அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களே. சுமார் 66,000 அடிமைகளுக்காக ஏறத்தாழ 21 இலட்சம் பவுண் எசமானர்களுக்கு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு சதமேனும் கிடைக்கவில்லை.

அத்தீவுக்குக் கரும்பை 1639 இல் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். எனினும் அவர்கள் 1710 இல் தீவைக் கைவிட்டுச் சென்றனர். பின்னர் வந்த பிரான்சியரின் காலத்தில், குறிப்பாக 1735 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்டொனேயின் ஆட்சியில், சீனி ஆலைகள் எழுந்தன. மடகஸ்காரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகள் கப்பல் கப்பலாக இறக்கப்பட்டனர். 1723 ஆம் ஆண்டின் அடிமைச் சட்டப்படி முதற்தடவை தப்பியோடி ஒரு மாதம் தலைமறைவாக இருந்தவனுக்குக் காதுகள் அறுக்கப்பட்டன. தோளிற் சூடு வைக்கப்பட்டது. மூன்றாந் தடவைக்கு மரண தண்டனை.

புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் சுதந்திரத் தொழிலாளராகவே அங்கு சென்றனர். இந்தியக் கரையோரங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். சுதந்திர இந்தியர் சிலர் தாமே அடிமைகளை வைத்திருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

1810 இல் தீவைக் கைப்பற்றிய பிரித்தானியர், அடிமை வியாபாரத்தை 1807 இலேயே தடைசெய்திருந்தவர்கள். ஆயினும் அவர்களது ஆட்சியிலும் ஆயிரக்கணக்கானோர் திருட்டுத்தனமாக இறக்குமதி செய்யப்பட்டனர். 1825 இல் மேற்கிந்தியச் சீனிக்குரிய அதே தீர்வை மொரிஷியஸ் சீனிக்கும் விதிக்கப்பட்டது. அதன் பின்னர் நல்ல நிலமெல்லாம் கரும்புக்காடாயிற்று.

1833 ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றிய பாராளுமன்றத்திற்கு அடிமை என்பவர் சட்டப்படியான சொத்து. சொத்தை எடுத்தால் விலை கொடுக்க வேண்டும். அவ்வாறு குடியேற்ற நாடுகளின் எசமானர்களுக்கு ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண், அன்றைய பிரித்தானிய அரசின் வருடாந்தச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதமாகும். அதற்கென வாங்கப்பட்ட கடன் 2015 இல்தான் முற்றாகத் தீர்க்கப்பட்டது. இலங்கை அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது என்பதும் நம்மவர் பலர் அறியாத செய்தியே. தேசவழமை அங்கீகரித்திருந்த வடபகுதி அடிமை முறைக்கு 1844 இல்தான் சட்டம் முடிவு கட்டியது.

பணம் மாத்திரம் போதாதென்று, "தொழில் பழகுநர்" என்ற பெயரில் விடுதலை பெற்றோரின் ஊதியமற்ற உழைப்பும் எசமானர்களுக்கு வழங்கப்பட்டது. வாரத்திற்கு 45 மணித்தியாலம் வரை அவர்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடு 1839 மார்ச்சில் முடிந்ததும் பெரும்பாலானோர் தோட்டங்களைவிட்டு வெளியேறினர். சவுக்கடி பட்ட இடத்திலேயே கூலிக்கு நிற்க யார்தான் விரும்புவர்? ஆனால் போவதற்குக் காணி இல்லை. காணி முழுவதும் நட்டஈடு பெற்றவர்களின் கையில் இருந்தது.

அந்த நட்டஈட்டில் ஒரு பகுதி தோட்டக்காரரின் கடனுக்குப் போயிற்று; மற்றொரு பகுதி ஆலைகளுக்கும் புதிய தொழிலாளரைத் தருவிக்கவும் உதவிற்று. விடுதலை நாள் வருமுன்னரே, 1834 நவம்பர் 2 இல், அட்லஸ் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளுடன் வந்து சேர்ந்தது. அடுத்துவந்த பல தசாப்தங்களில், தமிழர் உட்பட ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் அத்துறைமுகத்தில் இறங்கினர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரு நாட் கூலி வெட்டப்பட்டது. இக்கொடுமைகளுக்கெதிராக 1871 இல் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனுவை ஆளுநர் ஆர்தர் ஹமில்டன் கோர்டனிடம் சமர்ப்பித்தனர். 1883 இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தவரும் அவரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனி விலை வீழ்ந்தபோது, தோட்டங்கள் ஓரத்துக் காணிகளைத் துண்டாடி விற்றன. சேமிப்பு வைத்திருந்த இந்தியர் அவற்றை வாங்கினர். அடிமைகளின் சந்ததியினரிற் பலரோ கரையோர மீன்பிடிக் கிராமங்களிலும் போர்ட் லூயிஸ் நகரின் சேரிகளிலும் ஒதுங்கியிருந்தனர். அடிமை முறையினதும் ஒப்பந்தக் கூலி முறையினதும் விளைவுகளை ஆராய 2009 இல் நியமிக்கப்பட்ட உண்மை மற்றும் நீதி ஆணைக்குழு 2011 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் முன் வந்த முறைப்பாடுகளில் பல, பறிபோன காணிகளைப் பற்றியவை.