முஸ்லிம்கள் பைபிளைப் படிக்கலாமா?

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், இரவு வேலையின் இடைவேளையொன்றில், மொரோக்கோ இளைஞர் ஒருவர் அரபுமொழிப் பைபிளை வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய நாட்டவர் ஒருவர் கண்டு கடிந்துகொண்டார். மறுநாளிலிருந்து புத்தகம் மேசைக்கு வரவில்லை. நான் முன்னாள் விரிவுரையாளன் என்பதால் இளைஞர் என்னிடம் கேட்டார்: இது பாவமா? நான் முஸ்லிம் அல்லன். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

தவ்ராத்தும் இன்ஜீலும் இறைவன் அருளியவை என்று குர்ஆன் சொல்கிறது. முன்னைய வேதத்தவருள் ஒரு சாரார் வார்த்தைகளைப் புரட்டினர் என்றும் சொல்கிறது. புரட்டப்பட்டது எழுத்தா, பொருளா? அறிஞர்கள் பிரிந்தது இங்கேதான். ஹதீஸ்களிலும் இரு முனைகள் உண்டு. உமர் தவ்ராத்தின் பகுதியொன்றைக் கொண்டுவந்தபோது நபிகள் அதிருப்தியுற்றார் என்பது ஓர் அறிவிப்பு. இஸ்ரவேலரிடம் கேட்டதை எடுத்துச் சொல்வதில் தவறில்லை என்றார் என்பது இன்னொன்று. தடுப்பவரும் அனுமதிப்பவரும் ஆளுக்கொன்றைக் கையிலெடுக்கின்றனர்.

11ஆம் நூற்றாண்டில் கொர்தோவாவின் இப்னு ஹஸ்ம் பைபிளை நுணுகிப் படித்தார், மறுப்பதற்காக. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அல்-பிகாஈ தமது குர்ஆன் விரிவுரையிலேயே பைபிளை மேற்கோள் காட்டினார். அது கூடாதென்று அஸ்-ஸகாவி எழுதினார். கூடுமென்று பிகாஈ தனிநூலே எழுதினார். 1854இல் ஆக்ராவில் மிஷனரி பஃபண்டருடன் வாதிட்ட ரஹ்மத்துல்லா கைரானவி, ஐரோப்பியரின் பைபிள் ஆய்வுகளையே ஆயுதமாக்கினார். 1862இல் சேர் செய்யித் அஹ்மத் கான் பைபிளுக்கு விரிவுரை வெளியிடத் தொடங்கினார். அவர் நாடியது மோதலை அல்ல, இணக்கத்தை.

தடைக்கும் ஒரு நியாயம் உண்டு. தன் வேதத்தையே சரிவரக் கல்லாதவர் குழம்பிப்போவார் என்ற அச்சம் அது. மிஷனரிகளுக்குப் பின்னால் காலனிய ஆட்சி நின்ற நாடுகளில் அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் குழப்பத்துக்கு மருந்து கூடுதல் கல்வியே தவிர, மூடிய புத்தகம் அல்ல என்பது என் கட்சி. மறுப்பதற்கும்கூட முதலில் வாசிக்கத்தானே வேண்டும்?

இதை நான் ஏன் இங்கு எழுதுகிறேன்? கையிலிருந்த பிரசுரத்தை வைத்தே ஒருவரைத் துரோகி என்று முடிவுகட்டிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். மேசையிலிருந்து ஒரு புத்தகம் மறைவதன் பொருள் நமக்குத் தெரியும். பிகாஈயும் ஸகாவியும் கடுமையாகத்தான் மோதினார்கள். ஆனாலும் நூலுக்கு நூல் எழுதி மோதினார்கள். அந்த இளைஞரிடம் நான் சொன்னதும் அதைத்தான்.